நிறத்துக்கு முன் கண்வரிசை: குதிக்கும் சிலந்திகளை இனங்காணும் முறை

குதிக்கும் சிலந்தி ஒன்றின் ஒளிப்படத்தைக் காட்டிப் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். முதுகில் வெள்ளைக் கோடு இருக்கிறது, வயிற்றில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, முகம் சிவந்திருக்கிறது என்று அடுக்குவார்கள். கண்ணில் முதலில் படுவது நிறம்தான் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சால்டிசிடே என்னும் இந்தக் குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் 6,000-க்கும் மேல். பேரினங்கள் 600-க்கும் மேல். சிலந்திக் குடும்பங்களிலேயே மிகப் பெரியதான இதில், வெள்ளைக் கோடும் இரண்டு புள்ளிகளும் எத்தனையோ சிற்றினங்களுக்குப் பொதுவானவை. அதனால் நான் கைக்கொள்ளும் வரிசை வேறு. முதலில் கண்கள், அடுத்து உடலின் வடிவம், பிறகு ஆண்-பெண் பாலும் வளர்ச்சிப் பருவமும், அவை தெளிந்த பின்னரே நிறமும் குறிகளும். இந்த வரிசையை மாற்றினால் குழப்பம் மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து.

கண்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான சிலந்திகளுக்குக் கண்கள் எட்டு. அவை முகத்திலும் தலையிலும் அமைந்திருக்கும் விதமே குடும்பத்தை அறிய எளிய வழி. குதிக்கும் சிலந்தியை மேலிருந்து பார்த்தால் கண்கள் நான்கு, இரண்டு, இரண்டு என மூன்று வரிசைகளாகத் தெரியும். முன்வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை. அவை நேர்முன்னே நோக்கும். அவற்றின் இருபுறமும் சற்றுச் சிறிய கண்கள் இருக்கும். இரண்டாம் வரிசைக் கண்கள் பெரும்பாலான பேரினங்களில் மிகச் சிறியவை. மயிர்களுக்கிடையே மறைந்திருப்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் வரிசைக் கண்கள், தலையும் மார்பும் இணைந்த முன்பகுதியான தலைமார்பின் பக்க விளிம்பில் பின்தள்ளி அமைந்திருக்கும். இந்த மூன்று வரிசைகளுக்கு இடைப்பட்ட பரப்பு நீளமா அகலமா, பின்பக்கம் விரிகிறதா குறுகுகிறதா, தலைமார்பின் நீளத்தில் எத்தனை பங்கை அது பிடித்திருக்கிறது என்பவை பேரினத்தைத் தீர்மானிக்க உதவும் கேள்விகள்.

விதிவிலக்குகளும் பயனுள்ளவையே. போர்ஷியா பேரினத்திலும் அதன் உறவுகளிலும் இரண்டாம் வரிசைக் கண்கள் சிறுத்துப் போகாமல் நன்றாகத் தெரியும் அளவில் இருக்கின்றன. அசமோனியா பேரினத்தில் முன்வரிசை நான்காக இல்லாமல் இரண்டிரண்டாகப் பிரிந்து, கண்கள் நான்கு வரிசைகளாகின்றன. வெளிர்நிறமும் நீண்ட மெல்லிய கால்களும் கொண்ட அசமோனியாவை முதன்முதலில் காண்பவர் அதைக் குதிக்கும் சிலந்தி என்றே எண்ணமாட்டார். ஆனால் முகத்தை நேராகப் பார்த்தால் அந்தப் பெரிய இரு கண்கள் ஐயத்தைப் போக்கிவிடும். இப்படிப்பட்ட வெளிர்நிறச் சிலந்திகளில் இன்னொரு காட்சியும் கிடைக்கும். முன்கண்ணின் வில்லை அசைவதில்லை. அதன் பின்னால் குழாய்போல் நீளும் பகுதியும் அதன் முனையிலுள்ள விழித்திரையும் தான் அசைகின்றன. அந்தக் குழாய் நம்மை நோக்கித் திரும்பும்போது கண் கருமையாகவும், விலகும்போது வெளிறியும் தோன்றும். ஆகவே கண்ணின் நிறத்தை ஓர் அடையாளமாகக் குறித்துக்கொள்வதில் பொருளில்லை. அது நொடிக்கு நொடி மாறும்.

குடும்பம் மாறிப்போகும் இடங்களும் சில உண்டு. ஓநாய்ச் சிலந்தியிலும் பெரிய கண்கள் இருக்கின்றன. ஆனால் அதன் முன்வரிசையில் நான்கு சிறிய கண்களும், பெரிய இரண்டும் அதற்கு மேலே இரண்டாம் வரிசையிலும் இருக்கும். இரவில் டார்ச் வெளிச்சம் பட்டால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் பளிச்சிடும். ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் குதிக்கும் சிலந்தியின் கண்ணில் இல்லாததால் அது அப்படி மின்னாது. லிங்க்ஸ் சிலந்தியும் செடிகளில் துள்ளும். அதன் கண்கள் அறுகோணமாக அமைந்திருக்கும். கால்களில் நீண்ட முட்கள் நிமிர்ந்து நிற்கும். துள்ளுகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக் குடும்பத்தை முடிவுசெய்வது சரியாகாது.

உடல் வடிவத்துக்கு வருவோம். சிலந்தியின் உடல் தலைமார்பு, வயிறு என இரு பகுதிகள் கொண்டது. தலைமார்பைப் பக்கவாட்டில் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை; மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் பக்கத் தோற்றம் தரும் செய்தி அதிகம். மெனிமெரஸ் பேரினத்தின் தலைமார்பு தட்டையாக, சுவரோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். பிளெக்சிப்பஸ் பேரினத்தில் அது உயர்ந்து, பின்பக்கம் சரிந்து இறங்கும். ரீனி பேரினத்தில் உடல் குட்டையாகவும் அகலமாகவும் முன்கால்கள் தடித்தும் இருப்பதால் வண்டு என்று எண்ணிக் கடந்துபோவோர் உண்டு. ஹில்லஸ் பேரினத்தின் சில சிற்றினங்களில் கண்களுக்கருகே நீண்ட மயிர்கள் இமைபோல் வளைந்து நிற்கும். போர்ஷியாவின் உடலிலும் கால்களிலும் மயிர்க்கற்றைகள் கலைந்து நிற்பதால், அசையாதிருக்கும்போது அது உலர்ந்த சருகுத் துணுக்காகவே தெரியும். அசைந்தாலும் விட்டுவிட்டு, நடுங்கி நடுங்கித்தான் நடக்கும்.

எறும்பைப் போல உருவெடுத்தவை தனிக் கூட்டம். மிர்மாபிளாட்டா பிளாட்டலியோய்டிஸ் என்னும் சிற்றினம் மரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை ஒத்திருக்கிறது. அதன் தலைமார்பு நடுவில் இறுகி, எறும்பின் தலையும் மார்பும் தனித்தனியாக இருப்பதுபோல் காட்டும். தலையின் இருபுறமும் உள்ள கரும்திட்டுகள் எறும்பின் கூட்டுக்கண்களாகத் தோன்றும். எறும்புக்கு உணர்கொம்புகள் உண்டு, சிலந்திக்கு இல்லை என்பதால் இது முன்கால்களைத் தூக்கி ஆட்டி அக்குறையை நிரப்பிக்கொள்கிறது. ஆண் சிலந்தியின் தாடைகள் உடலுக்கு முன்னே மிக நீண்டிருக்கும். எதையோ கவ்விச் செல்லும் எறும்பைப் பார்க்கும் மயக்கத்தை அது உண்டாக்கும். கால்களை எண்ணுவதும், முகத்தில் பெரிய இரு கண்களைத் தேடுவதும், பின்னால் இழுபடும் பட்டு நூலைக் கவனிப்பதும் ஐயத்தைத் தீர்க்கும். ஆனால் எறும்புருச் சிலந்திகளை அவற்றின் சிற்றினம் வரை ஒளிப்படத்தில் பிரிப்பது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இடுப்புச் சுருக்கத்தின் அளவு, தாடைப் பற்களின் வரிசை, இனப்பெருக்க உறுப்பு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டிய கூட்டம் அது.

தாடையின் பற்களுக்கு இந்தத் துறையில் ஒரு வரலாறே உண்டு. நச்சுப்பல் மடங்கி அமரும் பள்ளத்தின் பின்விளிம்பில் ஒற்றைப் பல் இருக்கிறதா, நுனி இரண்டாகப் பிளந்த பல் இருக்கிறதா, பல பற்கள் இருக்கின்றனவா என்பதை அடிப்படையாக வைத்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன் இக்குடும்பம் முழுவதையும் மூன்றாகப் பகுத்தார். மரபணு வரிசைகளை ஒப்பிட்ட பின்வந்த ஆய்வுகள் அந்தப் பகுப்பு உறவுமுறையைக் காட்டவில்லை என்று தெளிவாக்கின. இன்று பலரும் வழிகாட்டியாகக் கொள்ளும் வகைப்பாட்டைச் சிலந்தி ஆய்வாளர் வேய்ன் மேடிசன் 2015-இல் வெளியிட்டார். உறவைக் காட்டாவிட்டாலும் பற்களின் எண்ணிக்கை பேரினங்களைப் பிரிக்க இன்றும் கைகொடுக்கிறது. அதுபோலவே முதற்காலின் அடிப்பக்கத்தில் எத்தனை இணை முட்கள் இருக்கின்றன, நான்கு இணைக் கால்களில் எது நீளம், எது குட்டை, எந்தக் காலின் தொடை பருத்திருக்கிறது என்பவையும் விளக்கக் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுகின்றன.

இவற்றுக்குப் பிறகு பால். முகத்தின் இருபுறமும் குட்டைக் கால்கள்போல் தோன்றும் உணர்கைகளைப் பாருங்கள். பெண் சிலந்தியில் அவை மெலிந்து, நுனிவரை ஒரே தடிமனாக, பெரும்பாலும் வெளிர்நிற மயிர் போர்த்தியிருக்கும். முதிர்ந்த ஆணில் நுனி உருண்டு திரண்டு, அடிப்பக்கத்தில் கருத்து இறுகிய பகுதிகள் தெரியும். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பருவம் உண்டு. கடைசித் தோலுரிப்புக்கு முந்தைய ஆணின் உணர்கை பருத்திருக்கும். ஆனால் வழுவழுப்பாக, உள்ளமைப்பு ஏதும் வெளித்தெரியாமல் இருக்கும். இந்தப் பருவத்தை முதிர்ந்த ஆணாகவோ பெண்ணாகவோ எண்ணிக்கொண்டு குறிகளைப் பொருத்திப் பார்த்தால் விடை கிடைக்காது. குஞ்சுகளின் நிலை இன்னும் சிக்கலானது; பலவற்றைப் பேரினம் வரை கொண்டுபோவதே பெரிது.

பாலும் பருவமும் தெரிந்த பிறகு குறிகளைப் படிப்பது இனிய வேலை. உலகின் வெப்பப் பகுதிகளெங்கும் கட்டடங்களில் வாழும் மூன்று சிலந்திகளை எடுத்துக்கொள்கிறேன். பிளெக்சிப்பஸ் பேகுல்லி ஆணை மிக அருகில் பார்த்தால், கருத்த தலைமார்பின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை முன்கண்களுக்கிடையிலிருந்தே புறப்பட்டு, பின்னோக்கி ஓடி, வயிற்றின் நடுவிலும் தொடர்வது தெரியும். இரு பக்கங்களிலும் அகன்ற வெள்ளைப் பட்டைகள் இருக்கும். வயிற்றின் பின்பகுதியில் இருபுறமும் இரு வெண்புள்ளிகள் இருக்கும். இதன் நெருங்கிய உறவான பிளெக்சிப்பஸ் பீட்டர்சி ஆணில் அந்த நடுப்பட்டை முன்கண்கள் வரை வராமல் பின்தள்ளியே தொடங்கும். ஒரு பட்டை எங்கே தொடங்குகிறது என்ற சிறு விவரம்தான் இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கும் முதல் தடயம். மேலிருந்து எடுத்த படம் தெளிவில்லாமல் போனால் அதுவும் கைநழுவும். பேகுல்லியின் பெண் வேறு உடையில் வருகிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த உடலில் நடுப்பட்டை மங்கிய மணல்நிறமாகி, வயிற்றின் பின்பகுதியில் அம்புமுனைத் துண்டுகளாக உடைகிறது. இரு வெண்புள்ளிகள் மட்டும் ஆணிலும் பெண்ணிலும் ஒன்றாக நிற்கின்றன.

மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ் சுவர்களில் அதே இடங்களைப் பகிர்ந்துகொள்வதால் பேகுல்லியோடு குழம்பிப் போவது வழக்கம். தட்டையான உடலை முதலில் பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் வராது. ஆணின் வயிற்றில் நடுப்பட்டை கருமையாகவும் விளிம்பு வெளிறியும் இருக்கும். பேகுல்லியில் இது தலைகீழ். பெண்ணின் வயிற்றில் கரிய பட்டைகள் இருபக்கமும் ஓடிப் பின்முனையில் ஒன்றுசேரும். மூன்றாவதான ஹாசாரியஸ் அடான்சோனி ஆணுக்குக் கருத்த உடலும், கண்களைச் சுற்றிச் செம்பழுப்பு முகமும், வயிற்றின் முன்விளிம்பில் வெள்ளைப் பிறைக்கோடும், உணர்கைகளில் பளிச்சென்ற வெண்மயிரும் உண்டு. நடக்கும்போது அந்த வெண்மை முன்னும் பின்னும் ஆடுவதைச் சற்றுத் தொலைவிலிருந்தே காணலாம். அதன் பெண்ணோ சாதாரணப் பழுப்பு; தனியாகக் கண்டால் பெயர் சொல்லத் தயங்க வேண்டியதுதான்.

பேகுல்லி, அடான்சோனி ஆகிய இரண்டையும் 1826-இல் முதன்முதலில் பெயரிட்டு வெளியிட்டவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் ஆடுவான். அறிவியல் பெயருக்குப் பின்னால் அவருடைய பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுவதைக் காணலாம். முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து அந்தச் சிற்றினம் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்பதை அந்த அடைப்புக்குறி தெரிவிக்கிறது. எறும்புருச் சிலந்தியான பிளாட்டலியோய்டிசும் நெடுங்காலம் மிர்மராக்னி பேரினத்தில்தான் இருந்தது. பழைய பதிவுகளைப் படிக்கும்போது இரு பெயர்களும் ஒரே உயிரைக் குறிப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இணையத்தில் பேணிவரும் உலகச் சிலந்திப் பட்டியலில் இத்தகைய மாற்றங்களைச் சரிபார்க்கலாம்.

குறிகள் எங்கே கைவிடும் என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். படம் பார்த்துப் பெயர் சொல்லும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதிதான் சுருங்கிப் போகிறது. வட அமெரிக்காவின் ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ் கருத்த உடலும் வயிற்றில் முக்கோணமாக அமைந்த புள்ளிகளும் மின்னும் பச்சைத் தாடைகளும் கொண்டது. இளமையில் அந்தப் புள்ளிகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, முதிரும்போது வெண்மையாகின்றன. அதே பேரினத்தின் ஃபிடிப்பஸ் ரீஜியஸில் ஆண்கள் கருப்பும் வெள்ளையுமாகவே இருக்க, பெண்கள் சாம்பலிலிருந்து செம்மஞ்சள் வரை பல நிறங்களில் காணப்படுகின்றன. இவற்றை வரிசையாக வைத்தால் வெவ்வேறு சிற்றினங்கள் என்று பந்தயம் கட்டவும் தயங்கமாட்டோம். இதற்கும் மேலே ஒரு படி போகிறது மேவியா இன்க்ளெமென்ஸ். அதன் ஆண்களிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று கருத்த உடலும் தலையில் மூன்று மயிர்க்குடுமிகளும் உடையது. மற்றது குடுமியின்றிச் சாம்பல் கோடுகளோடு இருப்பது. இரண்டும் பெண்ணின் முன் ஆடும் ஆட்டமும் வேறு. ஆயினும் சிற்றினம் ஒன்றே.

மயிரும் செதிலும் உதிரக்கூடியவை என்பதையும் மறக்கலாகாது. புதிதாகத் தோலுரித்த சிலந்தியின் பட்டைகள் கூர்மையாக இருக்கும். வயதேறியதில் முதுகின் நடுப்பகுதி தேய்ந்து, அடியில் உள்ள கருந்தோல் வெளிப்பட்டு, இல்லாத ஒரு குறி இருப்பதுபோல் தோன்றும். ஃபின்டெல்லா விட்டேட்டா, கிரிசில்லா வாலுப்பி போன்றவற்றின் நீலப் பளபளப்பு செதில்களின் நுண்ணமைப்பால் உண்டாவது. ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஒரே சிலந்தியை அரை நிமிட இடைவெளியில் எடுத்த இரு படங்கள் இருவேறு நிறத்தில் அமைவது இதனால்தான். மேலும், நாம் காணும் நிறம் சிலந்திகள் தம்முள் காண்பதன் ஒரு பகுதியே. ஃபின்டெல்லா விட்டேட்டா ஆண்கள் புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை எதிரொளிக்கின்றன என்பதும், பெண்கள் இணை தேரும்போது அதைக் கணக்கில் கொள்கின்றன என்பதும் 2008-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. காஸ்மோஃபேசிஸ் அம்ப்ராட்டிக்காவில் ஆண்கள் புறஊதாவை எதிரொளிக்க, பெண்கள் அதே ஒளியில் பச்சையாக ஒளிர்கின்றன. இது 2007-இல் வெளியானது. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு சிலந்திகள் அவற்றின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்ற வேண்டிய கட்டாயமில்லை.

குறிகளின் கவர்ச்சி எப்படி வதந்திக்குத் தீனியாகும் என்பதற்கு டெலமோனியா டிமிடியேட்டா நல்ல சான்று. தென், தென்கிழக்கு ஆசியாவில் இலைகளின் மேல் வாழும் இச்சிலந்தியின் பெண், வெளிர்மஞ்சள் வயிற்றில் இரண்டு செந்நிற நெடும்பட்டைகளும், வெண்ணிறத் தலையில் கண்களைச் சுற்றிச் சிவந்த வளையங்களும் கொண்டது. 2002-இல், இது அமெரிக்காவின் கழிப்பறை இருக்கைகளுக்கு அடியில் ஒளிந்திருந்து மனிதரைக் கொல்கிறது என்னும் மின்னஞ்சல் உலகெங்கும் சுற்றியது. அது முழுப் பொய். ஒரு படம், ஒரு லத்தீன் பெயர், இரண்டு சிவப்புக் கோடுகள் ஆகியவை போதுமானவையாக இருந்தன.

ஆக, சிற்றினத்தை உறுதிசெய்ய அறிஞர்கள் நாடுவது இனப்பெருக்க உறுப்புகளை. ஆணின் உணர்கை நுனியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கிண்ணம்போல் குழிந்த கடைக்கணுவுக்குள் ஒரு குமிழ் அமர்ந்திருப்பது தெரியும். அதற்குள் விந்தைச் சேமிக்கும் நாளம் வளைந்து ஓடும். குமிழிலிருந்து எம்போலஸ் என்னும் முள் நீளும். சிலவற்றில் அது குட்டையாகத் தடித்து வளைந்திருக்கும். சிலவற்றில் குமிழைச் சுற்றி மெல்லிய கம்பியாக ஓடும். கடைக்கணுவுக்கு முந்தைய கணுவின் வெளிப்பக்கத்தில் ஒரு கொம்பு நிற்கும். அதன் நீளம், வளைவு, நுனி கூரா மழுங்கலா பிளவுபட்டதா என்பவை சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். நூல்களில் இடப்பக்க உணர்கையை வரைவது வழக்கமாதலால், வலப்பக்கத்தைப் பார்ப்பவர் படத்தைத் திருப்பிப் புரிந்துகொள்ள வேண்டும். பெண்ணில் வயிற்றின் அடிப்பக்கம், முன்பகுதியில் எபிஜைன் என்னும் இறுகிய தகடு இருக்கும். வெளித்தோற்றத்தில் இரு துளைகளும் ஒரு தடுப்பும் மட்டுமே தெரியலாம். அதைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசைகளைக் கரைத்துத் தெளிவாக்கினால், உள்ளே நாளங்கள் எத்தனை சுற்று சுற்றுகின்றன, விந்துப்பைகள் உருண்டையா நீளமா என்பவை புலனாகும். எத்தனாலில் வைத்த மாதிரிகளில் நிறமிகள் வெளுத்துப்போகும். இந்த உறுப்புகளின் வடிவம் மாறுவதில்லை. அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு முந்தைய மாதிரியோடு இன்றைய சிலந்தியை ஒப்பிட முடிவது இதனால்தான்.

இதற்காக ஒவ்வொருவரும் சிலந்தியைக் கொன்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொழுதுபோக்காகப் பார்ப்பவருக்கு அது தேவையும் இல்லை. ஒரே சிலந்தியை நேர்முன், மேல், பக்கம் ஆகிய மூன்று கோணங்களில் எடுத்த படங்கள் ஓர் அழகான படத்தைவிடப் பயனுள்ளவை. ஒளிபுகும் சிறு கண்ணாடிக் குப்பிக்குள் சில நிமிடம் வைத்தால் வயிற்றின் அடிப்பக்கத்தையும் உணர்கையின் அடிப்பக்கத்தையும் எடுத்துவிடலாம். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். உடல் நீளத்தை மில்லிமீட்டரில் குறிப்பது நல்லது. அது சுவரா, மரப்பட்டையா, இலையா, தரையா என்பதையும் எழுத வேண்டும். கருப்பு வெள்ளைக் கோடுகளால் ஒன்றையொன்று ஒத்திருக்கும் சால்டிகஸ் சீனிகஸ், சால்டிகஸ் சீப்ரேனியஸ் ஆகியவற்றில் முதலாவது சுவர்களிலும் இரண்டாவது மரத்தண்டுகளிலும் அதிகம் காணப்படுவதால், வாழிடக் குறிப்பே சில வேளைகளில் முதல் தடயமாகிறது.

படத்தை ஏற்றியதும் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. அவை தரும் விடையைத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் அவை பெரும்பாலும் நிறத்தையும் கோலத்தையும் பார்த்தே பொருத்துவதால், முதிராத ஆணையும் தேய்ந்த பெண்ணையும் கண்டால் தடுமாறும். பதிவில் சிற்றினப் பெயரோடு அதற்கான அடிப்படையையும் எழுதிவைக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்தும் ஒன்று. 'பிளெக்சிப்பஸ் பேகுல்லி, முதிர்ந்த ஆண், நடுப்பட்டை முன்கண் வரை, உணர்கை பார்க்கப்படவில்லை' என்று எழுதினால், பின்னால் வரும் ஒருவர் அதைச் சரிபார்க்கவும் திருத்தவும் இயலும். உணர்கை வழுவழுப்பாக இருந்து, பட்டையும் தெளிவில்லாவிட்டால், 'பிளெக்சிப்பஸ் பேரினம், முதிராத ஆண்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் முழுமையான பதிவுதான்.